இரண்டு சிப்பாய்கள், ஒரே மொழி

ஒரு பதுங்குகுழி. அதற்குள் இரண்டு சிப்பாய்கள், இரண்டு வேறு சீருடைகள். முதல் இரண்டு நிமிடம் ஒருவர்மேல் ஒருவர் துப்பாக்கியை நீட்டிக்கொண்டிருப்பார்கள். மூன்றாவது நிமிடம் ஒருவனுக்குத் தாகம் எடுக்கும், மற்றவனிடம் தண்ணீர் இருக்கும். ஐந்தாவது நிமிடம் சட்டைப் பையிலிருந்து ஒரு குடும்பப் புகைப்படம் வெளியே வரும். கடைசியில் எங்கிருந்தோ ஒரு குண்டு. யார் சாகிறார் என்பது இயக்குநரின் மனநிலையைப் பொறுத்தது. மொத்தம் ஏழெட்டு நிமிடம். ஒரு வசனம் கிடையாது.

இந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நாடு மாறும், சீருடை மாறும், புகைப்படத்துக்குப் பதில் மவுத் ஆர்கன் வரும். கிண்டலுக்காகச் சொல்லவில்லை. இந்த வகைப் படங்களில் சில எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவற்றுக்கு நல்ல பரம்பரையும் இருக்கிறது. 1952இல் கனடாவின் நார்மன் மெக்லாரன் ‘நெய்பர்ஸ்’ என்ற எட்டு நிமிடப் படம் எடுத்தார். அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் இரண்டு பேர். எல்லையில் ஒரு பூ பூக்கிறது. அது யாருக்கு என்று தொடங்கும் தகராறில் வீடு போகிறது, குடும்பம் போகிறது, இருவர் உயிரும் போகிறது. கல்லறைக்கு ஒன்றாக இரண்டு பூ முளைக்கிறது. கொரியப் போர் நடந்துகொண்டிருந்த காலம். பேச்சே இல்லாத அந்தப் படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது.

முழுநீளப் படம் என்றால் ஜான் பூர்மன் 1968இல் எடுத்த ‘ஹெல் இன் தி பசிபிக்’. ஆளில்லாத தீவில் ஒரு ஜப்பானிய வீரன், ஒரு அமெரிக்க வீரன். தோஷிரோ மிஃபுனே ஜப்பானிய மொழியில் கத்துவார், லீ மார்வின் ஆங்கிலத்தில் கத்துவார். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது, ஆகவே அதுவும் கிட்டத்தட்ட ஊமைப் படம்தான். நிஜத்திலும் இருவரும் அந்தப் போரில் எதிரெதிர்ப் பக்கம் இருந்தவர்கள். மார்வின் 1944இல் சைப்பான் தீவில் காயம்பட்ட மரைன். மிஃபுனே ஜப்பானிய ராணுவத்தின் விமானப் பிரிவில் வேலை பார்த்தவர்.

இந்தப் படங்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே நம்பிக்கைதான் ஓடுகிறது. மொழிதான் வேலி. மொழியைப் பிடுங்கிவிட்டால் இரண்டு பக்கமும் மனிதன் மிஞ்சுவான். கேட்க நன்றாக இருக்கிறது. சப்டைட்டில் செலவும் மிச்சம்.

என் அண்ணன் மகன் பாலிடெக்னிக்கில் திரைப்படம் படிக்கிறான். போன வருடம் இப்படி ஒரு ஸ்கிரிப்ட்டோடு வந்தான். செங்காங் ஆற்றங்கரைப் பூங்காவில் சதுப்பு மரங்களுக்கு நடுவே எடுக்கப்போகிறானாம். 1942, ஒரு ஜப்பான்காரன், ஒரு இந்தியச் சிப்பாய்.

“டயலாக்கே இல்ல சித்தப்பா. ரெண்டு பேருக்கும் பாஷை புரியாதுல்ல, அதான் பாயிண்டே.”

“இந்தியச் சிப்பாய்க்கு எதிரி ஜப்பான்காரன்தான்னு யாருடா சொன்னா?”

“பின்ன?”

அந்தப் ‘பின்ன?’வுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

எட்டாவது நிறுத்தம்

செங்காங்கில் ஊதா நிற ரயிலில் ஏறி ஊருக்குள் போனால் எட்டாவது நிறுத்தம் ஃபேரர் பார்க். ஒன்பதாவது லிட்டில் இந்தியா, நம் வாயில் தேக்கா. பத்தாவது டோபி காட். எதிர்ப்பக்கம் போனால் ஒரே நிறுத்தத்தில் பொங்கோல். 1942 பிப்ரவரி 28 அன்று பொங்கோல் கடற்கரையில் முந்நூறு நானூறு சீன ஆண்களை ஜப்பானியர் சுட்டுக் கொன்றார்கள். தினமும் வேலைக்குப் போய்வரும் இந்த ஒரு பாதையிலேயே சிங்கப்பூர்ப் போரின் பாதிக் கதை கிடக்கிறது.

சிங்கப்பூர் விழுந்தது 1942 பிப்ரவரி 15. அன்று புக்கிட் தீமாவில் ஃபோர்டு தொழிற்சாலையில் பெர்சிவல் கையெழுத்துப் போட்டது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. இரண்டு நாள் கழித்து நடந்ததைப் பற்றி அவ்வளவு பேச்சு இல்லை. பிப்ரவரி 17 அன்று பிரிட்டிஷ் இந்தியப் படையின் இந்தியச் சிப்பாய்கள் ஏறத்தாழ 45,000 பேர் ஃபேரர் பார்க் திடலில் கூட்டப்பட்டார்கள். கூடவே இருந்த வெள்ளைக்கார அதிகாரிகள் தனியே பிரிக்கப்பட்டு சாங்கிக்குப் போய்விட்டார்கள். ஒரு பிரிட்டிஷ் கர்னல் ஒலிபெருக்கி முன்னால் வந்து, இனி இவர்கள் ஜப்பானியர் பொறுப்பு என்று ஒப்படைத்தார். அடுத்து மேஜர் ஃபுஜிவாரா இவாய்ச்சி பேசினார். பிரிட்டிஷ் ஆட்சி முடிந்தது, இந்தியா விடுதலை அடைய வேண்டும், அதற்கு முன்வரும் இந்தியர்களைக் கைதிகளாக அல்ல, நண்பர்களாக நடத்துவோம் என்பது அவர் பேச்சின் சாரம். அவர் பேசியது ஜப்பானிய மொழியில். அது ஆங்கிலத்துக்கும், பிறகு ஹிந்துஸ்தானிக்கும் மாறி அந்தக் கூட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மூன்றாவதாக மோகன் சிங் பேசினார். பஞ்சாப் ரெஜிமென்ட்டில் கேப்டனாக இருந்து மலாயாப் போரின் தொடக்கத்திலேயே பிடிபட்டவர். இந்திய தேசிய ராணுவம் ஒன்று அமைக்கப்போகிறோம், யார் யார் வருகிறீர்கள் என்று கேட்டார்.

அதை யோசித்துப் பாருங்கள். காலையில் ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே கம்பெனியில் நின்ற ஆட்கள் அவர்கள். சண்டையில் ஒரே பக்கம் இருந்தவர்கள். ஒரு பிற்பகல் கூட்டம், மூன்று பேச்சுகள். அதற்குப் பிறகு ஒருவன் இந்தப் பக்கம், மற்றவன் அந்தப் பக்கம். இங்கே வேலி முளைத்தது மொழி புரியாததால் இல்லை. புரிந்ததால்.

பலர் சேர்ந்தார்கள், பலர் மறுத்தார்கள். சேர்ந்தவன் எல்லாம் தியாகி, மறுத்தவன் எல்லாம் அடிமை என்பது நம் மேடைப்பேச்சுக் கணக்கு. அதைத் திருப்பிப் போட்டால் பிரிட்டிஷ்காரன் கணக்கு. இரண்டுமே சோம்பேறிக் கணக்கு. நாட்டுப் பற்றில் சேர்ந்தவன் உண்டு. கிளப்பிலும் சம்பளத்திலும் வெள்ளை அதிகாரி காட்டிய வித்தியாசம் நெஞ்சில் தைத்துச் சேர்ந்தவன் உண்டு. முகாம் பசிக்குப் பயந்து சேர்ந்தவன் உண்டு. எடுத்த சத்தியத்தை மீற மனமில்லாமல் மறுத்தவன் உண்டு. ஜப்பானியனை நம்பாமல் மறுத்தவன் உண்டு. மறுத்தவர்களில் ஆயிரக்கணக்கானோரைக் கப்பலில் ஏற்றி நியூகினிப் பக்கம் கூலிவேலைக்கு அனுப்பினார்கள். பசியிலும் நோயிலும் அங்கேயே செத்தவர்கள் ஏராளம்.

வூட்லி நிலையத்தை ஒட்டி இன்று வீவக அடுக்குமாடிகள் எழுந்திருக்கும் பிடாடாரியில்தான் இந்தியக் கைதிகளின் முகாம்களில் ஒன்று இருந்தது. 1942 ஏப்ரலில் மோகன் சிங்கும் அவர் அதிகாரிகளும் எடுத்த முடிவுக்கு ‘பிடாடாரித் தீர்மானம்’ என்றே பெயர். காங்கிரஸும் இந்திய மக்களும் அழைத்தால்தான் இந்தப் படை போருக்குப் போகும் என்றது அது. ஜப்பானியருக்கு இப்படிப்பட்ட நிபந்தனைகள் பிடிக்கவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் மோகன் சிங்கைக் கைது செய்தார்கள், முதல் ஐ.என்.ஏ. கலைந்தது. சுபாஷ் சந்திர போஸ் 1943 ஜூலை 2ஆம் தேதி சிங்கப்பூர் வந்த பிறகுதான் அதற்கு மறுபடியும் உயிர் வந்தது.

ஆத்தி மாலை

இரண்டு பக்கமும் நம் ஆட்கள் என்றால் என்ன செய்வது என்ற கேள்வி தமிழுக்குப் புதிதில்லை. புறநானூற்றில் ஓர் இடம். உறையூர்க் கோட்டையை நலங்கிள்ளி முற்றுகையிட்டிருக்கிறான், உள்ளே நெடுங்கிள்ளி அடைத்துக்கொண்டிருக்கிறான். இருவரும் சோழர்கள். நடுவில் போய் நிற்கிறார் கோவூர் கிழார். எதிரே இருப்பவன் மாலை பனையும் இல்லை, வேம்பும் இல்லை, இரண்டு பேர் மாலையும் ஆத்திதான், யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான் என்று எடுத்துச் சொல்கிறார். கவனியுங்கள், அவர் சும்மா நின்று கண்ணீர் விடவில்லை. பேசினார். சண்டையை நிறுத்துவது பேச்சின் வேலை என்று நம்பிய மரபு அது.

ஃபேரர் பார்க்கில் நின்றவர்களில் தமிழர் குறைவு. பஞ்சாபி, டோக்ரா, கர்வாலி, கூர்க்கா என்று ‘போர்க்குணம் உள்ள இனங்கள்’ பட்டியல் போட்டு ஆள் எடுத்தது பிரிட்டிஷ் ராணுவம். அந்தப் பட்டியலில் தமிழனுக்கு இடமில்லை. பழைய மெட்ராஸ் காலாட்படைகளை முதல் உலகப் போருக்குப் பிறகு கலைத்தே விட்டார்கள். இரண்டாம் போர் வந்து ஆள் பற்றாக்குறை ஏற்பட்டபோதுதான் மெட்ராஸ் ரெஜிமென்ட்டை மறுபடி எழுப்பினார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் இங்கே மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் போஸின் படையில் சேர்ந்தார்கள். பால்மரம் வெட்டிய கைகள். பெண்களும் வந்தார்கள். 1943 அக்டோபர் 22 அன்று வாட்டர்லூ ஸ்திரீட்டில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறந்தது. அதில் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் நிறையப் பேர்.

நேற்றுவரை இவனுக்குச் சண்டை போடத் தெரியாது என்று சொல்லப்பட்ட அதே தமிழன், இரண்டே வருடத்தில் இரண்டு எதிரிப் படைகளிலும் துப்பாக்கியோடு நின்றான். மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் போர்க் கௌரவங்களில் தமு சாலை, உக்ருல் என்ற பெயர்கள் உண்டு. இரண்டும் மணிப்பூர் எல்லைப் போர்க்களங்கள். 1944இல் ஐ.என்.ஏ.வின் காந்தி பிரிகேட் பலேலைத் தாக்கியது அந்தத் தமு சாலையில்தான். சுபாஷ் பிரிகேட் போய்ச் சேர்ந்ததும் உக்ருல் பக்கம்தான். ஒரே மலை, ஒரே மழை, ஒரே மலேரியா.

இன்னொரு விஷயம். அந்த இரண்டு படைகளுக்கும் பொது மொழியும் ஒன்றுதான். பிரிட்டிஷ் இந்திய ராணுவம் சிப்பாய்களுக்கு ரோமன் எழுத்தில் உருது சொல்லிக்கொடுத்தது. போஸின் ஆசாத் ஹிந்தும் ரோமன் எழுத்தில் ஹிந்துஸ்தானியைத்தான் வைத்துக்கொண்டது. தோட்டத்திலிருந்து போன தமிழனும் சரி, திருநெல்வேலியிலிருந்து போன தமிழனும் சரி, சண்டையைக் கடன் வாங்கிய மொழியில்தான் கற்றுக்கொண்டான். போஸ் ஹிந்துஸ்தானியில் பேசுவார், கூட்டத்துக்குத் தமிழில் பெயர்த்துச் சொல்வார்கள். என் அண்ணன் மகன் நினைத்த ‘பாஷை புரியாத’ சிப்பாய் நிஜத்திலும் இருந்தான். அவனுக்குப் புரியாதது எதிரியின் பாஷை இல்லை. சொந்தப் படையின் பாஷை.

பேச்சே ஆயுதம்

இம்பால் போரில் ஐ.என்.ஏ.வுக்குப் பீரங்கியும் விமானமும் கிடையாது. இருந்த பெரிய ஆயுதம் வாய். எதிர்ப்பக்கம் நிற்பவனும் இந்தியன், அவனோடு பேசினால் துப்பாக்கியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவான் என்பதுதான் போஸின் கணக்கு. அதற்கென்றே பகதூர் குழு என்று ஒன்று இருந்தது. உள்ளே ஊடுருவுவது, உளவு பார்ப்பது, பேசி இழுப்பது. சிங்கப்பூரிலிருந்தும் ரங்கூனிலிருந்தும் வானொலி தமிழிலும் பேசியது.

பிரிட்டிஷ்காரர்களுக்கும் இந்த ஆபத்து புரிந்தது. அவர்களும் சொல்லால்தான் அடித்தார்கள். ஐ.என்.ஏ. என்ற பெயரையே சிப்பாய்கள் காதில் போடவில்லை. ‘ஜிஃப்’ என்று ஒரு பெயர் வைத்தார்கள். ஜப்பான்காரனின் கைக்கூலி என்பதன் சுருக்கம் மாதிரி. ‘ஜோஷ்’ குழுக்கள் என்று ரெஜிமென்ட்டுக்கு ரெஜிமென்ட் அமைத்து, ஜப்பானியரின் கொடுமைகளை எடுத்துச் சொன்னார்கள். ஜப்பானியரும் சொல்வதற்கு நிறையவே செய்து வைத்திருந்தார்கள்.

இம்பாலில் போஸின் கணக்கு பலிக்கவில்லை. மழை, பசி, நோய், பின்வாங்கல். எதிர்ப்பக்கத்து இந்தியன் பெரும்பாலும் சுட்டான். தன் நண்பர்களைக் கொன்றவனோடு சேர்ந்து வருபவனை அவன் ஏன் நம்ப வேண்டும்? இந்தப் பக்கத்தவனுக்கோ, அவன் சுடுவது சொந்த நாட்டையே. இருவருக்கும் காரணம் இருந்தது. அதனால்தான் இது வலிக்கிற கதை.

ஓசு எடுக்காத படம்

பத்தாவது நிறுத்தம், டோபி காட். வெளியே வந்தால் கேத்தே. 1939இல் குளிரூட்டிய திரையரங்கோடு திறந்த கட்டடம். ஆக்கிரமிப்புக் காலத்தில் ஜப்பானியரின் பிரச்சாரத் துறையும் வானொலியும் இங்கே இயங்கின, திரையரங்குக்கு ‘கிழக்காசியத் திரையரங்கம்’ என்ற பொருளில் புதுப்பெயர் வைத்தார்கள். 1943 அக்டோபர் 21 அன்று போஸ் ஆசாத் ஹிந்த் தற்காலிக அரசை அறிவித்தது இந்த அரங்கில்தான். இந்தியாவின் சுதந்திர அரசு ஒரு சினிமாக் கொட்டகையில் பிறந்தது என்று சொன்னால் தமிழர்கள் யாரும் ஆச்சரியப்பட மாட்டோம்.

அதே 1943இல் ஜப்பானிய ராணுவம் ஓர் இயக்குநரைச் சிங்கப்பூருக்கு அனுப்பியது. பெயர் யசுஜிரோ ஓசு. ஆமாம், ‘டோக்கியோ ஸ்டோரி’ எடுத்த அதே ஓசு. அவருக்குக் கொடுத்த வேலை போஸையும் இந்திய தேசிய ராணுவத்தையும் பற்றிய ஒரு பிரச்சாரப் படம். தலைப்பு, ‘டில்லிக்கு, டில்லிக்கு’. போஸின் ‘சலோ டில்லி’ முழக்கம்தான். ஓசுவுக்குப் போர் தெரியாதது இல்லை. 1937 முதல் 1939 வரை சீனாவில் சிப்பாயாக இருந்தவர்.

படம் முடியவேயில்லை. போர் திசை மாறியது. ஓசு சிங்கப்பூரில் இருந்த காலத்தில் பெரும்பாலும் செய்தது, ஜப்பானியர் கைப்பற்றி வைத்திருந்த அமெரிக்கப் படங்களைப் போட்டுப் பார்த்தது. ‘சிட்டிஸன் கேன்’கூட அதில் உண்டு. எதிரி நாட்டுப் படத்தை உட்கார்ந்து ரசித்துப் பார்த்தார், எதிரிக்கு எதிரான படத்தை எடுக்கவில்லை. ஜப்பான் தோற்றதும் எடுத்தது, எழுதியது எல்லாம் எரிக்கப்பட்டது. ஜூரோங்கில் இருந்த முகாமில் கொஞ்ச காலம் அடைபட்டிருந்துவிட்டு 1946இல் ஊர் திரும்பினார்.

தமிழ்ச் சிப்பாய்கள் இருந்த படையைப் பற்றி உலகின் மாபெரும் இயக்குநர்களில் ஒருவர் நம் ஊரில் தொடங்கிய படம், வசனம் மட்டுமல்ல, பிம்பமும் இல்லாத படமாகிப் போனது. பிரச்சாரப் படம்தானே, போனால் போகட்டும் என்று ஒரு மனம் சொல்கிறது. இன்னொரு மனம், ஒரு ஷாட், ஒரே ஒரு ஷாட், தேக்காவில் சீருடையோடு நடந்துபோகும் ஒரு தமிழ்ப் பையனின் முகம் மிஞ்சியிருக்கக் கூடாதா என்று கேட்கிறது.

போருக்குப் பிறகு ஓசு எடுத்த படங்களில் போர்க்களமே வராது. ‘டோக்கியோ ஸ்டோரி’யில் செத்த மகன் ஒரு புகைப்படமாக மட்டும் இருப்பான். கடைசிப் படமான ‘ஆன் ஆட்டம் ஆஃப்டர்நூன்’ 1962இல் வந்தது. அதில் பழைய கடற்படை அதிகாரியும் அவருக்குக் கீழே வேலை பார்த்தவரும் ஒரு மதுக்கடையில் சந்திப்பார்கள். போர்க்கப்பல் காலத்து மார்ச் இசைத்தட்டில் ஓடும், இருவரும் சல்யூட் வைத்துக்கொள்வார்கள், சிரிப்பார்கள். நாம் ஜெயித்திருந்தால் எப்படி இருக்கும் என்று ஒருவர் கனவு காண்பார். தோற்றது நல்லதுதானோ என்பார் மற்றவர். எதிரி அந்தச் சட்டகத்துக்குள் வரவே மாட்டான். ஓசுவின் கல்லறையில் பெயர் இல்லை, ‘இன்மை’ என்று பொருள்படும் ஒரே ஓர் எழுத்து. அவர் மௌனம் மகத்தான மௌனம், சந்தேகமில்லை. ஆனால் அது ஜப்பானின் மௌனம். நம் ஆட்களின் கதை அதற்குள் இல்லை.

ஐராவதியில் ஒரு படகு

வசனம் இல்லாத குறும்படத்துக்கு ஏற்ற காட்சி ஒன்று உண்மையிலேயே நடந்திருக்கிறது.

1945 பிப்ரவரி 14. சிங்கப்பூர் விழுந்து மூன்று வருடம் நிறைய ஒரு நாள் பாக்கி. பர்மாவில் ஐராவதி நதியை பிரிட்டிஷ் இந்தியப் படையின் ஏழாவது டிவிஷன் கடக்கிறது. நியாங்ஊ என்ற இடத்தில் அக்கரையில் ஐ.என்.ஏ.வின் நேரு பிரிகேட். தலைமை குர்பக்ஷ் சிங் தில்லான், பின்னாளில் செங்கோட்டை வழக்கில் நின்ற மூவரில் ஒருவர். அகலமான ஆறு. விடியலில் வந்த பிரிட்டிஷ் படகுகள்மேல் அக்கரையிலிருந்து இயந்திரத் துப்பாக்கிகள் சுட்டன, படகுகள் நீரோட்டத்தில் சிதறின, நிறையப் பேர் செத்தார்கள். ஐ.என்.ஏ. சண்டையே போடவில்லை என்பவர்கள் இந்தக் காலையைப் படிக்க வேண்டும்.

கொஞ்சம் தள்ளி, கோயில்களுக்குப் பேர்போன பகான் பழம்பட்டணம். அங்கே கடக்க முயன்றது சீக்கிய ரெஜிமென்ட்டின் ஒரு பட்டாலியன். முதல் முயற்சி குண்டுக்குப் பயந்து திரும்பிவிட்டது. அப்புறம் அக்கரையிலிருந்து ஒரு சின்னப் படகு கிளம்பியது. வெள்ளைக் கொடி. உள்ளே ஐ.என்.ஏ. வீரர்கள் இரண்டு பேர். இக்கரை வந்து சொன்னார்கள், ஜப்பானியர்கள் போய்விட்டார்கள், இருப்பது நாங்கள்தான், சரணடைய விரும்புகிறோம் என்று. சீக்கியர்கள் கடந்தார்கள். சொன்னது சொன்னபடி நடந்தது.

பதினான்காம் படையின் தளபதி ஸ்லிம் இதைத் தன் போர் நினைவுகளில் எழுதியிருக்கிறார். இந்தப் போரில் ஐ.என்.ஏ. எந்தப் பக்கத்துக்கும் செய்த பெரிய உதவி இதுதான் என்கிற மாதிரி ஒரு குத்தலோடு. ஜெயித்தவருக்குக் குத்தல் சுலபம்.

நான் அந்தப் படகைத்தான் பார்க்கிறேன். நடு ஆறு. இரண்டு கரையிலும் துப்பாக்கி. பின்னால் இருப்பவனும் சுடலாம், முன்னால் இருப்பவனும் சுடலாம். துடுப்புச் சத்தம். மௌனப் பட இயக்குநர் யாரும் இங்கே கேமராவை வைக்க ஆசைப்படுவார். கரை தட்டியதும் வெட்டிவிடுவார், கொடியே எல்லாம் சொல்லிவிட்டது என்பார்.

கொடி சொல்லவில்லை. வெள்ளைத் துணியைக் காட்டிவிட்டுச் சுட்ட கதைகள் அந்தப் போரில் கொஞ்சமா? கொடிக்குப் பிறகு அவர்கள் வாயைத் திறந்தார்கள். எதிரே நின்றவனுக்கு அது புரிந்தது. இரண்டு படைகளுக்கும் பொது மொழி ஒன்றாக இருந்ததால், நடுவில் மொழிபெயர்க்க யாரும் வேண்டியிருக்கவில்லை. நம்புவதா வேண்டாமா என்று முடிவெடுக்க அந்தச் சீக்கியச் சிப்பாய்க்குக் கிடைத்தது அந்தக் குரல்தான். ஃபேரர் பார்க்கில் அவர்களைப் பிரித்ததும் பேச்சு. ஐராவதிக் கரையில் கொலையை நிறுத்தியதும் பேச்சு. வசனத்தை எடுத்துவிட்டால் இரண்டில் எதையும் நம்மால் காட்ட முடியாது. மிஞ்சுவது இரண்டு நல்ல மனிதர்களும் ஒரு புகைப்படமும். அது பொய் இல்லை, ஆனால் நம் கதையும் இல்லை.

இரண்டு சுவர்கள்

போர் முடிந்த பிறகு வந்ததுதான் நிஜமான மௌனம். அது தானாக வரவில்லை, போடப்பட்டது.

1945 ஜூலை 8 அன்று எஸ்பிளனேட் கடற்கரையோரம் ஐ.என்.ஏ. வீரர்களுக்கான நினைவுச் சின்னத்துக்குப் போஸ் அடிக்கல் நாட்டினார். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்ற மூன்று சொற்கள் ஹிந்துஸ்தானியில். செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் மவுண்ட்பேட்டன் உத்தரவில் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். கல்லில் எழுதிய மூன்று சொல்லைக்கூட விட்டுவைக்க முடியவில்லை. ஐம்பது வருடம் அங்கே ஒன்றுமில்லை. 1995இல் தேசிய மரபுடைமைக் கழகம் அந்த இடத்தில் ஓர் அடையாளக் கல்வெட்டு வைத்தது. அந்தப் பக்கம் காற்று வாங்கப் போகிறவர்கள் அதன் முன் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள். பின்னணியில் மெரினா பே நன்றாக விழும்.

கிராஞ்சியில் இன்னொரு சுவர். காமன்வெல்த் போர் நினைவிடம், 1957இல் திறந்தது. உடல் கிடைக்காத 24,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் தூண் தூணாக. அதில் இந்தியச் சிப்பாய்கள் வரிசை வரிசையாக. மதமுறைப்படி எரியூட்டப்பட்ட கிட்டத்தட்ட 800 பேருக்குத் தனி நினைவுச் சின்னம், பெரும்பாலும் இந்தியர்கள். மறுத்தவனுக்கு அங்கே பெயர் இருக்கிறது, கேட்க ஆளில்லை. சேர்ந்தவனுக்குக் கொஞ்சம் கோஷம் இருக்கிறது, பெயர் இல்லை. நேருவே கறுப்பங்கி போட்டுக்கொண்டு செங்கோட்டை வழக்கில் அவர்களுக்காக நின்றார், ஆனால் சுதந்திர இந்தியாவின் ராணுவம் அவர்களைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு படைகளிலும் இருந்த தமிழர்களை இரண்டு சுவரும் சேர்த்து வாசித்தால்தான் பிடிக்க முடியும். கிராஞ்சியும் எஸ்பிளனேடும் தீவின் இரண்டு கோடியில் இருக்கின்றன.

தமிழ் சினிமாவும் இந்தப் பக்கம் வந்திருக்கிறது, 1954இல், எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’. போர்க்காலச் சென்னை, ஜப்பானியக் குண்டு. ரேடியோ இன்ஜினீயர் சிவாஜி ஜப்பானுக்கு ரகசியம் விற்பவர். பாட்டே இல்லாத படம் என்று நாம் கொண்டாடுகிறோம். ஒரு படித்த தமிழ் இளைஞன் ஏன் எதிரியோடு பேசப் போனான் என்று அது கேட்டதைக் கொண்டாடுவதில்லை. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ 1972இல்தான் அச்சேறியது. பினாங்கும் மெடானும் ஐ.என்.ஏ.வும் கலந்த அந்த நாவல் ஊமை நாவல் இல்லை. பேசித் தீராத நாவல். வியாபாரம், சண்டை, சங்கப் பாட்டு, கெட்ட வார்த்தை எல்லாம் ஒரே வீச்சில். போர் என்றால் இவ்வளவு சத்தம் என்று தமிழில் காட்டியது அதுதான்.

வசனம் இல்லாத படங்கள் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ‘புஷ்பக விமானம்’ இங்கே ‘பேசும் படம்’ என்ற பெயரில் வந்து ஓடியதே, நமக்கு அந்த நகைச்சுவை புரியும். எதிரியும் மனிதன்தான் என்பதை உலகத்துக்கே புரிகிற மாதிரி சொல்ல மௌனம் நல்ல வழி. ஆனால் எதிரியும் நீதான், அவன் பேசுவது உன் பாஷைதான் என்னும் கதைக்கு அது போதாது. அதற்கு யார் என்ன சொன்னார்கள், யாருக்குப் புரிந்தது, யாருக்கு மொழிபெயர்க்கப்படவில்லை என்பது எல்லாம் காதில் விழ வேண்டும்.

இந்த ஊரில் யாராவது அந்தப் படத்தை எடுப்பதானால் முதல் காட்சியைப் பதுங்குகுழியில் வைக்காதீர்கள். ஃபேரர் பார்க்கில் வையுங்கள். ஒலிபெருக்கியில் ஜப்பானிய மொழி. பிறகு ஆங்கிலம். பிறகு ஹிந்துஸ்தானி. திடலின் கடைசி வரிசையில் இரண்டும் கெட்டானாக ஒரு தமிழன், பக்கத்தில் நிற்பவன் தோளைத் தொட்டுக் கேட்கிறான்: “என்னப்பா சொல்றாங்க?”

பக்கத்தில் நிற்பவன் என்ன பதில் சொல்கிறான் என்பதில்தான் படமே இருக்கிறது.